மாமாவின் அளவுக்குச் செய்த சைக்கிள்

நான் ஓடுகிற சைக்கிள் எனக்காகச் செய்யப்பட்டதல்ல. 1987இல் லண்டனில், ரயில் பாதையின் வளைவுகளுக்குக் கீழே இருந்த ஒரு சின்னப் பட்டறையில், என் மாமாவை நிற்க வைத்து, தொடை இடுக்கிலிருந்து நிலம் வரைக்கும், தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் நாடா பிடித்து அளந்து, அந்த அளவுக்குக் குழாய் வெட்டி ஒருவர் செய்தது. பாதத்தின் நீளத்தைக்கூடக் குறித்துக்கொண்டாராம். தையல்காரர் கழுசானுக்கு எடுக்கிற அளவுகளை விட இரண்டு அளவு கூட என்று மாமா சொல்வார்.

மாமா 84இல் போனவர். இரவில் பெற்றோல் நிலையத்தில் வேலை, பகலில் நித்திரை. வீட்டுக்கு அனுப்பியது போக மிஞ்சியதையெல்லாம் ஒரு சைக்கிளில் போட்டார் என்று தெரிந்தபோது, அம்மம்மா மூன்று மாதம் அவருக்குக் கடிதம் போடவில்லை. லண்டனுக்குப் போயும் சைக்கிளா? அவருடைய கேள்வியில் பிழை இல்லை. எங்கள் ஒழுங்கையில் மீன்காரரும் பால்காரரும்தான் சைக்கிளில் வந்தார்கள்.

2018இல் மற்றச் சாமான்களோடு அதையும் பெட்டியில் போட்டுக் கப்பலில் அனுப்பிவிட்டார். “முழங்கால் இனி விடாது. நீ ஓடு, மருமகன்” என்று தொலைபேசியில் சொன்னார். நான் ஓடவில்லை. பின்னறையில் நெல்லுச் சாக்குகளுக்குப் பக்கத்தில் சாத்தி, பழைய நுளம்புவலையால் மூடி வைத்தேன். வளைந்த கைபிடியும் கத்தி மாதிரி ஒடுங்கிய சீற்றும் உள்ள ஒரு சாமானில் ஏறித் திருகோணமலைத் தெருவில் போக எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

2022இல் வெட்கம் போய்விட்டது. பெற்றோல் வரிசையில் ஒரு பகலும் ஓர் இரவும் நின்று, முறை வரும்போது முடிந்துவிட்டது என்ற பதிலைக் கேட்டு வந்த காலை, நேரே பின்னறைக்குப் போய் நுளம்புவலையை இழுத்தேன். அந்த மாதங்களில் ஊரில் பழைய லுமாலாக்களும் ரலிகளும் தூசு தட்டப்பட்டன. சைக்கிள் கடைகளில் ஒட்டுப்போட ஆள் வரிசை. நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் அதிபரே சைக்கிளில் வந்தார். என்னுடையதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முதல் சிக்கல் சீற்றில். நான் மாமாவை விட இரண்டு அங்குலம் உயரம். சீற்றை உயர்த்தலாம் என்று பூட்டைக் கழற்றினால், தண்டு அசையவில்லை. தண்டு அலுமினியம், குழாய் உருக்கு. இரண்டுக்கும் நடுவில் உப்பு ஈரம் போனால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு விடாது. நாலு வருடம் கடல்காற்று அந்த வேலையைப் பார்த்திருக்கிறது. மூன்று நாள் எண்ணெய் ஊற்றி, நாலாம் நாள் தண்டின் தலையை வைஸில் இறுக்கி, நானும் தம்பியும் பிறேமைப் பிடித்து ஆட்டுக்கல்லுக் குழவி மாதிரிச் சுற்றினோம். வெள்ளைப் பொடி கொட்டக் கொட்ட, கிரீச்சென்று ஒரு சத்தத்தோடு வந்தது. இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி, துடைத்து, கிறீஸ் பூசிப் போடுகிறேன். இந்த ஊரில் இப்படியொரு சைக்கிள் வைத்திருப்பவர் வேறெதை மறந்தாலும் இதை மறக்கக்கூடாது.

பிறேமில் ஓர் ஒட்டி இருந்தது. பாதி உரிந்து “53” மட்டும் தெரிந்தது. 531 என்று பிறகு தேடித்தான் அறிந்தேன். பர்மிங்ஹாமில் ஆணி செய்த ரெனோல்ட்ஸ் குடும்பத்தின் குழாய் அது. அந்தக் குடும்பத்து ஆல்பிரட் ரெனோல்ட்ஸ் 1897இல் ஒரு காப்புரிமை எடுத்தார். குழாயின் வெளிவிட்டம் ஒரே சீராக இருக்கும், உள்ளே மட்டும் இரு முனையும் தடிப்பு, நடு மெல்லிசு. ஒட்டுகிற இடத்துக்குத்தான் பலம் தேவை, நடுவுக்கு என்னத்துக்கு அவ்வளவு இரும்பு என்ற யோசனை. 1935இல் மாங்கனீசும் மொலிப்டினமும் கலந்த உருக்கில் அதே வேலையைச் செய்து 531 என்று பெயர் வைத்தார்கள். என் சைக்கிளின் மேல்குழாய் முனையில் 0.8 மில்லிமீற்றர் தடிப்பு, நடுவில் 0.5. நகத்தால் தட்டிக்கொண்டே போனால் நடுவுக்கு வரும்போது சத்தம் மாறுவது கேட்கும். வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் காட்டுவேன். ஜாகுவார் ஈ-ரைப் காரின் முன்பக்கச் சட்டத்துக்கும் இந்தக் குழாயைத்தான் பாவித்தார்களாம். அது பிள்ளைகளுக்கு அவ்வளவு சுவாரசியமாக இல்லை.

இனி ஓட்டத்துக்கு வருவோம்.

விடிய ஐந்தேகாலுக்கு வெளிக்கிட்டால் நல்லது. உப்புவெளியில் யுத்தக் கல்லறைத் தோட்டம் தாண்டும்போது இன்னும் இருட்டு. நடுத்தெருவில் மாடுகள் படுத்திருக்கும், அவை எழும்பாது, நாம்தான் விலக வேண்டும். சாம்பல்தீவுப் பாலத்தில் வலை வீசுகிறவர்கள் நிற்பார்கள். ஆறாம் கட்டை தாண்ட வெளிக்கும். அப்புறம் நிலாவெளி, இறக்கக்கண்டிப் பாலம், கும்புறுப்பிட்டி, குச்சவெளி. போக முப்பத்துச் சொச்சம் கிலோமீற்றர், வலப்பக்கம் முழுக்கக் கடல். மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. மேடு வேண்டுமென்றால் திரும்பி வந்து கோட்டை வாசலுக்குள் நுழைந்து, மான்களுக்கு மணியடித்துக்கொண்டு கோணேசர் கோயிலுக்கு ஏற வேண்டும்.

எங்களுக்கு மேடு காற்றுத்தான். வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு ஆகிய நாலு திசைக் காற்றுக்கும் பெயர் வைத்தவர்கள் கடலுக்குப் போனவர்கள். ஆனால் அந்தப் பெயர்களின் அர்த்தம் எனக்கு விளங்கியது சைக்கிளில் ஏறிய பிறகு. சோளகத்தில் குச்சவெளிக்குப் போவது கோயில் தேர் மாதிரி, யாரோ இழுக்க நாம் இருப்போம். திரும்பும்போது கணக்குத் தீர்ப்பார்கள். கச்சான் இன்னொரு சாதி. ஆனி ஆடியில் இடப்பக்கத்திலிருந்து அடுப்பைத் திறந்துவிட்ட மாதிரி அடிக்கும். பத்து மணிக்குப் பிறகு அந்தக் காற்றில் ஓடுகிறவனுக்குப் புத்தி குறைவு என்று அர்த்தம். எனக்கு இரண்டு தடவை குறைந்திருக்கிறது.

கியர் மாற்றும் நெம்பு கைபிடியில் இல்லை, சாய்ந்து போகும் கீழ்க்குழாயில் இருக்கிறது. டிக் டிக் என்று இடம் காட்டும் புதுவகை இல்லை இது. ஒரு கையை விட்டு, குனிந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, பின்னால் செயின் புறுபுறுப்பது நின்றதும் விட வேண்டும். காதால் மாற்றுகிற கியர். முதல் மாதம் முழுக்கப் புறுபுறுத்துக்கொண்டே ஓடினேன், சைக்கிளும் நானும்.

உருக்குச் சைக்கிளைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரு கதை சொல்வார்கள். உருக்கு உயிருள்ளது, தெருவின் குலுக்கலை உறிஞ்சிவிடும், அலுமினியம் எலும்பை உடைக்கும் என்று. நான் அதைப் பாதிதான் நம்புகிறேன். முக்கோணமாகக் கட்டிய ஒரு பிறேம் மேலுங்கீழும் வளைவது மிக மிகக் கொஞ்சம். உங்கள் பின்பக்கத்தைக் காப்பாற்றுவது ரயர். நான் ஆரம்பத்தில் 100 இறாத்தல் காற்றடித்து ஓடிவிட்டு இந்தச் சைக்கிள் முரடு என்று மாமாவிடம் முறையிட்டேன். “எழுபது அடி” என்றார். அடித்தேன். அன்றைக்கே அதற்கு உயிர் வந்துவிட்டது.

பாரமும் அப்படித்தான். உருக்கின் அடர்த்தி அலுமினியத்தை விட ஏறக்குறைய மூன்று மடங்கு, விறைப்பும் அதேபோல மூன்று மடங்கு. ஒன்றுக்கு ஒன்று சரி. என்னுடையது தண்ணிப்போத்தலோடு பத்துக் கிலோவுக்குக் கிட்ட வரும். பெல்ஜியத்துச் சைக்கிள் பந்தய வீரர் எடி மேர்க்ஸ் 1972இல் மெக்சிக்கோ நகரத்தில் ஒரு மணித்தியாலத்தில் 49.431 கிலோமீற்றர் ஓடியது இத்தாலியில் சைக்கிள் செய்யும் கொல்னாகோ செய்து கொடுத்த உருக்குச் சைக்கிளில், அதன் பாரம் ஆறு கிலோவுக்கும் குறைவு. இன்றைக்குப் பந்தயச் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது என்று சட்டம். மாமாவுக்கு மேர்க்ஸ் குலதெய்வம் மாதிரி. இந்தக் கணக்கை எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று நான் எண்ணவில்லை.

ரயர் விஷயத்தில் மட்டும் ஊரோடு ஒத்துப்போக முடியவில்லை. கடையில் “28 ரயர் தாங்கோ” என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். அது லுமாலாவுக்கும் ரலிக்கும் போடுகிற 28 × 1½. ரயர் போய் உட்காருகிற இடத்தில் ரிம்மின் விட்டம் அதற்கு 635 மில்லிமீற்றர். என்னுடைய 700சி ரிம்முக்கு 622. பதின்மூன்று மில்லிமீற்றர் என்பது ஒரு விரல் அகலம்கூட இல்லை, ஆனால் போட்டால் அப்பாவின் சட்டையைப் பிள்ளைக்குப் போட்ட மாதிரித் தொங்கும். வால்கட்டையும் வேறு. ஊர் ரியூபின் வால்கட்டை என் ரிம் ஓட்டைக்குள் நுழையாது. ஆகையால் கொழும்புக்குப் போகிற யாரைக் கண்டாலும் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கும். இப்போது தெருவில் சிலர் என்னைக் கண்டால் ஒதுங்குகிறார்கள் என்று நினைக்கிறேன்.

துரு பற்றிச் சொல்ல வேண்டும். வெளியே தெரிகிற துரு துருவே இல்லை, உள்ளே இருந்து தின்பதுதான் துரு. சீற்றுக் குழாய்க்குள் போகிற தண்ணி பெடல் அச்சுக்கூட்டில் போய்த் தேங்கும். அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்க வேண்டும், அது மண்ணால் அடைபட்டிருக்கக்கூடாது. மாரியில் நனைந்து வந்தால் தலைகீழாக நிறுத்திவிட்டுத்தான் நான் துவாயைத் தேடுவேன். வருடத்துக்கு ஒருமுறை எல்லாம் கழற்றி, குழாய்களுக்குள் ஆளிவிதை எண்ணெய் ஊற்றி, அப்படியும் இப்படியும் சரித்து வடியவிடுகிறேன். அது காய்ந்து உள்ளே ஒரு தோல் மாதிரிப் படியும். பக்கத்து வீட்டுக் கடற்தொழில் செய்த தாத்தா, வள்ளத்துக்குப் பூசுகிற சுறா எண்ணெய்தான் திறம் என்று அடித்துச் சொன்னார். இருக்கலாம். ஆனால் அந்த மணத்தோடு நான் வகுப்புக்குள் போக முடியாது. சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன எண்ணெய்த் தாங்கிகள் காட்டுக்குள் இன்னும் நிற்பதைக் காட்டி, இரும்பு அவ்வளவு லேசில் சாகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அந்தத் தகட்டின் தடிப்பையும் 0.5 மில்லிமீற்றரையும் ஒப்பிடக்கூடாது என்பது தெரிந்தும்.

இவ்வளவு கவனமாகப் பார்த்தும் அது உடைந்தது.

போன வருடம் ஆனி மாதம், இறக்கக்கண்டிப் பாலம் ஏறி எழுந்து மிதித்தபோது பின்னால் “டக்” என்றது. கல் தெறித்தது என்று நினைத்தேன். பிறகு பின்சில்லு ஒரு பக்கம் சாய்ந்து பிறேக் கட்டையில் உரசத் தொடங்கியது. இறங்கிப் பார்த்தேன். பின் அச்சு போய் உட்காருகிற, வாய் திறந்த தகடு இருக்கிறதே, அதைச் செயின் பக்கக் குழாயோடு பிடித்த இடத்தில் தலைமயிர் மாதிரி ஒரு கோடு. கையால் அழுத்தினால் திறந்தது, விட்டால் மூடியது. ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். ஓட்டோக்காரத் தம்பி வழி முழுக்க இதன் விலையைக் கேட்டுக்கொண்டே வந்தான்.

முதலில் போன ஒட்டுவேலைக் கடையில், “ரெண்டு நிமிசம், கரண்டில ஒரு பொட்டு வைச்சா முடிஞ்சுது” என்று முகமூடியை எடுத்துவிட்டார்கள். நல்லவேளையாக அந்த நேரம் மின்வெட்டு. காத்திருக்கும்போது தொலைபேசியில் தேடிப் படித்தேன். 531 குழாயை உருக்கி ஒட்டக்கூடாது, அந்தச் சூட்டில் ஒட்டுக்குப் பக்கத்து இரும்பு கண்ணாடி மாதிரி முறுகிவிடும், பித்தளையால்தான் பிடிக்க வேண்டும். கரண்ட் வருவதற்குள் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் விசாரித்த பிறகு ஒரு மீன்காரர் சொன்னார், தன் ரலியின் கழுத்து உடைந்தபோது ஒட்டித் தந்த ஓர் ஐயா இருக்கிறார் என்று. போனேன். வீட்டு முற்றத்தில் வேப்பமரம், அதற்குக் கீழே இரண்டு காஸ் சிலிண்டர், ஒரு வாங்கு. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உடைந்த இடத்தை முதலில் பார்க்கவே இல்லை. முன்கழுத்துப் பக்கம் போய், குழாய்கள் சேரும் மூட்டில் பெருவிரலை வைத்துத் தடவினார்.

“இது ரலி மாதிரித்தான் மகன். பித்தளையில பிடிச்சது. ஆனா ஆள் அரம் பிடிச்சிருக்கிறான் பாத்தீரே, விளிம்பு தெரியேல்ல.”

எனக்கு அந்த நிமிடம் கொஞ்சம் திக்கென்றது. ஐந்து வருடம் நான் இதை வேறொரு சாதிச் சாமானாகத்தான் நினைத்திருந்தேன். மீன்பெட்டி கட்டிய ரலியும் இதுவும் ஒரே வேலைமுறையில் பிறந்தவை, ஒன்று நொட்டிங்ஹாம் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில், மற்றது ரயில் வளைவுக்குக் கீழே ஒன்றே ஒன்று. அவருக்கு அது ஒரு தொடுகையில் தெரிந்தது.

உடைந்த ஒட்டைச் சூடாக்கித் தகட்டைக் கழற்றினார். குழாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே ஒரு பக்கம் பித்தளை போகவே இல்லை. ஒரு பயறளவு வெற்றிடம். செய்தவர் அன்று அந்த மூலைக்குச் சூடு காணாமல் விட்டிருக்கிறார். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் அந்த வெற்றிடத்தின் மேல்தான் மாமாவும் நானும் மிதித்திருக்கிறோம். “கைவேலை எண்டா கைப்பிழையும் இருக்கும்” என்றார், குறையாக அல்ல, தொழில் விளக்கமாக.

அரத்தால் ராவி, எமரிக் கடதாசியால் வெள்ளி மாதிரி வரும் வரைக்கும் தேய்த்தார். விரல் படக்கூடாது என்று என் கையைத் தட்டிவிட்டார். ஒரு பழைய ஹோர்லிக்ஸ் போத்தலிலிருந்து வெள்ளைப் பொடியை எடுத்துத் தண்ணி விட்டுக் குழைத்துப் பூசினார். வெங்காரம். நகைவேலை செய்கிறவர்களிடம் வாங்குகிறாராம். அவர்களும் பொடி வைத்துத்தானே ஊதுகிறார்கள், பொடி வைத்துப் பேசுவது என்பதே அதிலிருந்து வந்ததுதான் என்றார். வர்ணம் எரியாமல் குழாயைச் சுற்றி ஈரத்துணி. சுவாலை நீலமாக ஒடுங்கியது. ஓரிடத்தில் நிற்காமல், திருநீறு பூசுகிற மாதிரி மெல்ல அசைத்துக்கொண்டே இருந்தார். வெங்காரம் முதலில் பொங்கியது, பிறகு அடங்கித் தேன் மாதிரிக் கண்ணாடியானது. இரும்பு மங்கல் சிவப்பிலிருந்து செம்மஞ்சளுக்கு வந்தது. பித்தளை உருக ஏறக்குறைய 900 பாகை வேண்டும், உருக்கு உருக இன்னும் எத்தனையோ நூறு. அந்த இடைவெளிக்குள் நிற்பதுதான் வேலை, அவர் நிற்பது கண்ணால். கம்பியைத் தொட்டார். அது சொட்டாக நிற்காமல், வெயிலில் வைத்த நெய் மாதிரிச் சரிந்து இடுக்குக்குள் ஓடி மறைந்தது. சுவாலையை மறுபக்கம் கொண்டுபோனார், பித்தளை குழாய்க்குள்ளால் போய் அந்தப் பக்க விளிம்பில் பொன்கோடாக எட்டிப் பார்த்தது. சூட்டைத் தேடி அது போகிறது.

நான் பக்கத்தில் இருந்த தண்ணி வாளியைத் தூக்கினேன், உதவியென்று நினைத்து.

“வையும் கீழ! ஊத்தினா எல்லாம் போச்சு. தன்பாட்டில ஆறட்டும்.”

ஆறும் வரைக்கும் பிளேன்ரீ வந்தது. பிறகு ஒரு நூலை எடுத்து, பின்தகடு ஒன்றிலிருந்து முன்கழுத்தைச் சுற்றி மற்றத் தகட்டுக்கு இழுத்துக் கட்டினார். சீற்றுக் குழாய்க்கும் நூலுக்கும் இடையில் இரண்டு பக்கமும் அடிமட்டம் வைத்துப் பார்த்தார். இடப்பக்கம் இரண்டு மில்லிமீற்றர் கூட. ஒரு பலகையைக் கொடுத்து, முழங்காலால் அண்டை கொடுத்து, மூச்சை அடக்கி ஓர் இழுவை. மறுபடி அளந்தார். சரி. அலுமினியமாக இருந்தால் இந்த இழுவைக்குத் துணியக்கூடாது, உருக்கு வளைத்தால் வளைந்த இடத்தில் நிற்கும். நூல் பிடித்தாற்போல் என்று நாங்கள் பாட்டுக்குச் சொல்வதை ஒருவர் உண்மையாகவே செய்வதை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

1500 ரூபா கேட்டார். இரண்டாயிரம் கொடுத்தேன், மிச்சத்தைத் தேடி எடுத்துக் கையில் வைத்தார்.

அந்த இடத்துக்கு நான் வர்ணம் அடிக்கவில்லை. வார்னிஷ் மட்டும். நீலப் பிறேமில் ஒரு விரலளவு பித்தளை மினுங்கும். அதற்குப் பிறகு குச்சவெளிக்கு எத்தனையோ தடவை போய்வந்துவிட்டேன்.

ஆடி அமாவாசைக்கு மாமா வந்தார். அம்மப்பாவுக்கும் அம்மம்மாவுக்கும் தீர்த்தக்கரையில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வந்த பின்னேரம், சைக்கிளைப் பார்க்க வேண்டும் என்றார். சீற்று உயரத்தைப் பார்த்து “நெட்டைப் பயல்” என்றார். குனிந்து அந்தப் பித்தளையைப் பெருவிரலால் தடவினார், அந்த ஐயா தடவிய அதே மாதிரி. வெற்றிடத்தின் கதையைச் சொன்னேன். நம்பவில்லை. லண்டன்காரர் அப்படிச் செய்திருக்க மாட்டார் என்று சண்டைக்கே வந்துவிட்டார். சரி, பார்த்தவரிடமே கேளுங்கோ என்று கூட்டிக்கொண்டு போனேன்.

வேப்பமரத்துக்குக் கீழே இருவரும் ஒரு மணித்தியாலம் பேசினார்கள். என்னை மறந்துவிட்டார்கள். ரலியின் பழைய கழுத்து, கொட்டர் பின் தேய்வது, வெள்ளிக் கம்பிக்கும் பித்தளைக் கம்பிக்கும் உள்ள வித்தியாசம். வெளிக்கிடும்போது ஐயா கேட்டார்.

“தம்பி, கேட்கிறன் எண்டு குறை நினைக்காதேயும். இது அங்க என்ன முடிஞ்சுது?”

“அப்ப ரெண்டு மாசச் சம்பளம் அண்ணை.”

ஐயா என் பக்கம் திரும்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“மகன், அண்டைக்கு நான் மிச்சக்காசு தந்தது பிழை.”